அந்தமானுக்கு ஜோடியாக நாலைந்து நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட் பிளேரில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால், சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மண்டபம் பிடித்த கையோடு எனக்கு ஒரு போன் வந்துவிடும். ஹனிமூனுக்கு அந்தமான் போகலாமா, எத்தனை நாள், எவ்வளவு ஆகும் என்று ஆரம்பித்து, தாலியோடு கடலில் இறங்கலாமா என்பது வரைக்கும் போகும். பத்து வருடம் கழித்துக் குழந்தைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

பாஸ்போர்ட், பர்மிட் ஏதாவது வேணுமா?

இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். தலைநகர் போர்ட் பிளேர், அங்கிருந்து படகில் போகும் ஹேவ்லாக், நீல் தீவுகள் ஆகிய மூன்று இடங்களுக்கும் தனி அனுமதியும் வேண்டாம். ஆதார் மாதிரி ஒரு புகைப்பட அடையாள அட்டை போதும். விமான நிலையம், படகுத்துறை, ஹோட்டல் எல்லா இடத்திலும் அதைக் கேட்பார்கள், அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிக்கோபார் தீவுகள் சுற்றுலாவுக்குத் திறந்தவை அல்ல. 'அந்தமான் நிக்கோபார் டூர்' என்று விளம்பரம் போட்டிருந்தாலும் கூட்டிப்போவது அந்தமானுக்கு மட்டும்தான்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இனிஷியலாக இருக்கிறதென்றால் டிக்கெட்டையும் அதே பெயரில் போடுங்கள். ஆசைக்குக் கணவர் பெயரைச் சேர்த்துப் போட்டுவிட்டு கவுன்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஹேவ்லாக்னு ஒருத்தர் சொல்றார், ஸ்வராஜ் தீவுன்னு டிக்கெட்ல இருக்கு. ரெண்டும் வேறயா?

ஒன்றுதான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும், நீலை ஷஹீத் தீவு என்றும் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். நான் இங்கே பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆவணியில கல்யாணம். உடனே கிளம்பலாமா?

இந்த இடத்தில் பஞ்சாங்கமும் கடலும் ஒத்துப்போவதில்லை. அந்தமானில் கடல் அமைதியாகவும் தண்ணீர் கண்ணாடி போலவும் இருப்பது ஏறக்குறைய ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. தை, மாசி, பங்குனி என்று வைத்துக்கொள்ளுங்கள். தையில் தாலி கட்டியவர்கள் யோசிக்கவே வேண்டாம், கிளம்பலாம். மே மூன்றாம் வாரவாக்கில் தென்மேற்குப் பருவமழை முதலில் வந்து இறங்குவதே இந்தத் தீவுகளில்தான். ஆக வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி நான்குமே மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் பயம் உண்டு.

மழையில் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். அறை வாடகை நன்றாக இறங்கியிருக்கும், கூட்டமும் இராது, காடு பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் தண்ணீர் கலங்கியிருப்பதால் ஸ்நார்கலிங் (குழாயில் மூச்சு விட்டபடி மேலே மிதந்து கடலுக்குள் பார்ப்பது), ஸ்கூபா (சிலிண்டரோடு ஆழத்துக்கு இறங்குவது) இரண்டும் சுமார்தான். படகு ரத்தாகும் வாய்ப்பும் அதிகம். கடல்தான் முக்கியம் என்றால் ஆவணியில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு இப்போதைக்கு மூணாறு, ஊட்டி என்று போய்வந்துவிட்டு, தைக்கு அந்தமானைத் தள்ளி வையுங்கள்.

மார்கழியில் கல்யாணம் இல்லையே, கூட்டம் குறைவாக இருக்குமே என்று ஒரு தம்பி கணக்குப் போட்டார். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான அந்த வாரம்தான் வருடத்திலேயே விலை உச்சத்தில் இருக்கும் வாரம்.

நாலு நாள்தான் லீவு. எல்லாத் தீவையும் பார்த்துடலாமா?

முடியாது. முயற்சியும் செய்ய வேண்டாம். சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம்தான், ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு தீவு மாறுவதும் அரை நாளைத் தின்றுவிடும். அறையைக் காலி செய், படகுத்துறைக்குப் போய்க் காத்திரு, படகு, மறுபடி வண்டி, மறுபடி செக்-இன். மூன்று இரவு இருந்தால் இரண்டை ஹேவ்லாக்கிலும், கடைசி ஒன்றைப் போர்ட் பிளேரிலும் வையுங்கள். நான்கு என்றால் ஹேவ்லாக்கில் மூன்று. ஐந்து இருந்தால்தான் நீல் தீவைச் சேர்ப்பேன்.

கடைசி இரவு போர்ட் பிளேரில் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகில் வந்து அன்றைக்கே மதிய விமானம் பிடிப்பது காகிதத்தில் அழகாக இருக்கும். காற்று கொஞ்சம் பலத்தால் துறைமுகத்திலேயே படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது.

இன்னொன்று சூரியன். இந்திய நேரத்தையே வைத்துக்கொண்டு அவ்வளவு கிழக்கே இருப்பதால், டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் காலை 5-க்கெல்லாம் விடிந்திருக்கும். ஒன்பது மணிக்கு எழுந்து சாவகாசமாகக் கிளம்புகிற ஜோடிக்கு, பகலில் பாதி போயே போய்விடும்.

சென்னையிலிருந்து கப்பல்ல போனா ரொமான்டிக்கா இருக்குமே?

ஏறக்குறைய மூன்று நாள் பயணம், மாதத்துக்குச் சில தடவைதான் புறப்பாடு. நாலு நாள் லீவில் போய்ச் சேருவதற்குள் திரும்ப வேண்டியதுதான். கப்பலும் உல்லாசக் கப்பல் அல்ல. தீவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போய்வரும் கப்பல்.

ஃபெர்ரி டிக்கெட்டை அங்க போய் எடுத்துக்கலாமா?

சீசனில் வேண்டாம். விமான டிக்கெட் போட்ட அன்றே ஃபெர்ரியையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வகை உண்டு. மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் படகுகள் முழுக்க ஏசி, ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் ஹேவ்லாக் போய்விடும். ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல்தான். ஆன்லைனில் இடம் பார்த்து எடுக்கலாம்.

அரசு ஃபெர்ரி மலிவு, ஆனால் அது முதலில் தீவுவாசிகளுக்கானது. அவர்களுக்கு ஆஸ்பத்திரி, கல்லூரி, மளிகை எல்லாமே அந்தப் படகில்தான். அவர்களுக்குத்தான் முன்னுரிமை, அதுதான் நியாயமும். ஒரு சௌகரியம், அரசு ஃபெர்ரியில் மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். தனியார் படகில் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயேதான் உட்கார வேண்டும். முதலில் ஹேவ்லாக் படகை உறுதி செய்து, அதற்கு ஏற்ப ஹோட்டல் தேதியைப் போடுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு முழிக்கிறார்கள்.

எனக்கு ஏற்காடு பஸ்லயே வாந்தி வரும். கடல்ல என்ன ஆவேன்?

பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலானோர் தப்பித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் படகுப் பணியாளர்களே பிளாஸ்டிக் பை விநியோகம் செய்துகொண்டு வருவார்கள். வாந்தி தடுக்கும் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி, படகு கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னாலேயே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது, இரண்டு இட்லி சரியாக இருக்கும். நடுப்பகுதியில் இடம் எடுங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

ஹனிமூன் பேக்கேஜ்ல போனா நல்லதா, நாமளே புக் பண்ணிக்கலாமா?

நாலு டிக்கெட், இரண்டு ஹோட்டல் நீங்களே போடத் தெரியும் என்றால் பேக்கேஜ் அவசியமில்லை. 'ஹனிமூன் ஸ்பெஷல்' என்று தனியாகப் பணம் வாங்குவதில் என்ன வரும் என்றால்: கட்டிலில் ரோஜா இதழைக் கொட்டி இதயம் வரைந்திருப்பார்கள், துண்டை மடித்து இரண்டு அன்னம், அரைக் கிலோ கேக், ஒருநாள் மெழுகுவத்தி டின்னர். அந்த இதழ்களை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள்தான் கூட்டித் தள்ள வேண்டும். வேண்டும் என்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம், எனக்கு அந்தக் காசில் இன்னொரு இரவு தங்குவது மேல்.

பேக்கேஜே எடுப்பதானால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: படகின் பெயரும் நேரமும், ஹோட்டலின் பெயர் ('அல்லது அதற்கு இணையான' என்ற வார்த்தை இல்லாமல்), படகு ரத்தானால் கூடுதல் இரவுச் செலவு யாருடையது என்பது.

'பீச் ஃபிரன்ட்' ரூம்னு போட்டிருக்கு. கதவைத் திறந்தா கடல்ல குதிக்கலாமா?

நாளில் சில மணி நேரம். இந்த ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஹேவ்லாக்கில் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கம்தான். அங்கே கடல் உள்வாங்கினால் வெகுதூரம் போய்விடும். காலையில் முட்டியளவு நீலத் தண்ணீர் இருந்த இடத்தில் மதியம் பாறையும் சேறும் பாசியும் தெரியும், நண்டு ஓடும். இணையத்தில் இருக்கும் படங்கள் எல்லாம் தண்ணீர் ஏறியிருக்கும்போது எடுத்தவை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும்.

அதனால் அறை அழகு, அமைதி, விடிகாலைச் சூரியன் இதற்காகக் கிழக்குக் கரையில் தங்கலாம், தவறில்லை. குளிப்பதற்கு மேற்கே இருக்கும் ராதாநகருக்குப் போய்விடுங்கள்.

எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. ரூம் தருவாங்களா?

சட்டத்தில் தடை இல்லை. 2019-இல் கோவை விடுதி ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில், திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் சில ஹோட்டல்கள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டு நேராகக் கேட்டுவிடுங்கள். இருவரும் 18 வயது தாண்டியவர்கள், இருவரிடமும் அடையாள அட்டை இருக்கிறது என்றால் ஹேவ்லாக்கில் பெரும்பாலும் யாரும் துருவிக் கேட்பதில்லை.

ஹேவ்லாக்ல ரெண்டு மூணு நாள் என்னதான் செய்யறது? போரடிக்காதா?

ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்கள் (லைசென்ஸ் வேண்டும்). தீவின் மொத்தச் சாலையையும் ஒரு பகலில் ஓட்டிவிடலாம். இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, வாழை, நடுநடுவே சின்ன வீடுகள். 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் ஊர்கள் இவை. கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ண நகர் என்று பல ஊருக்குக் கண்ணன் சம்பந்தமான பெயர்.

ராதாநகர் கடற்கரையை 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அதிலிருந்து கூட்டம்தான். ஆனாலும் நீளமான கடற்கரை, பத்து நிமிஷம் நடந்தால் ஆள் குறைந்துவிடும். மணல் மாவு மாதிரி, பின்னால் ஓங்கி வளர்ந்த காட்டு மரங்கள், எதிரே நேராக அஸ்தமனம். மதியம் மூன்று மணிக்கே போய்விடுங்கள், நான் சொன்ன சீக்கிரச் சூரியன் ஞாபகம் இருக்கட்டும். இருட்டத் தொடங்கியதும் காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள்.

எலிஃபன்ட் பீச் ஸ்நார்கலிங்குக்கு. படகிலும் போகலாம், காட்டு வழியே நடந்தும் போகலாம். காலாபத்தர் கடற்கரை விடிகாலைக்கு. நிலா இல்லாத இரவுகளில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டிக்கொண்டு போய், துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மினுங்குவதைப் பார்க்கலாம். கடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் ஒளிர்கின்றன. என்னைக் கேட்டால், ஜோடியாகப் போகிறவர்கள் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே ராத்திரிச் சமாச்சாரம் அதுதான். அமாவாசையை ஒட்டித் தேதி அமைந்தால் விடாதீர்கள்.

ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. ஸ்கூபா முடியுமா?

முடியும். முதல் தடவைக்காரர்களுக்கான டைவில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், பயிற்றுநர் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தபடியே கூட வருவார். முதலில் இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சு விடவும், மாஸ்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றவும், மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை எடுக்கவும் கற்றுத் தருவார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பிடிக்கவில்லை என்று தோன்றினால் தயங்காமல் எழுந்துவிடுங்கள். துணைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவது வேண்டாம்.

சளி பிடித்திருந்தால் காது அடைப்பு எடுக்காது, வலிக்கும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு என்றால் கிடையாது, அல்லது டாக்டர் கடிதம் வேண்டும். கொடுக்கிற படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுத் தள்ளாதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே ஸ்கூபாவை விட்டுவிடுங்கள்.

தாலியோட கடல்ல இறங்கலாமா? அம்மா கழட்டக் கூடாதுங்கறாங்க.

இந்தக் கேள்வி வராத சீசனே இல்லை. மஞ்சள் கயிறு என்றால் உப்புத்தண்ணீரால் ஒன்றும் ஆகாது, சாயம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். தங்கச் சங்கிலி என்றால் நீண்டு தொங்குவதுதான் பிரச்சினை. லைஃப் ஜாக்கெட் பட்டையிலும் சிலிண்டர் குழாயிலும் மாட்டும், கொக்கி நெகிழ்ந்தால் போனது போனதுதான். கழுத்தை மூடும் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கி, சங்கிலியை அதற்குள் விட்டுவிடுங்கள். டைவிங் கடைக்காரர்களுக்கு இது பழக்கம், சொன்னால் டேப் ஒட்டிக்கூடத் தருவார்கள். மோதிரம், மெட்டி, நெக்லஸ் எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். தண்ணீரில் விரல் சுருங்கியதும் முதலில் நழுவுவது புது மோதிரம்தான்.

அந்த முழுக்கைச் சட்டையும் லெகின்ஸும், 'ஸ்விம்சூட் போட கூச்சமா இருக்கு' என்ற கேள்விக்கும் பதில். வெயிலுக்கும் மணல் பூச்சிக் கடிக்கும் நல்லது.

பீரியட்ஸ் தேதி கரெக்டா அங்கதான் வருது. என்ன பண்றது?

டாம்பன், கப் பழக்கம் இருந்தால் ஸ்நார்கலிங், ஸ்கூபா இரண்டுமே செய்யலாம். சுறா வாசனை பிடித்து வரும் என்பதெல்லாம் கதை. தள்ளிப்போட மாத்திரை வேண்டுமென்றால் மருந்துக்கடையில் நேராக வாங்காமல், கிளம்புவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தேதிக்குச் சில நாள் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது, விமான நிலையத்தில் ஞாபகம் வந்தால் பிரயோஜனமில்லை. நாப்கினை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

முதலை இருக்காமே?

இருக்கிறது. உப்புநீர் முதலைகள், சதுப்புநிலக் காட்டு ஓடைகளில். 2010-இல் ராதாநகரை ஒட்டிய ஒதுக்குப்புறக் கரையில் ஸ்நார்கலிங் செய்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்துபோனார். அதன் பிறகு எச்சரிக்கைப் பலகை, வலை, காவலர் எல்லாம் வந்தன. எல்லோரும் குளிக்கும் இடத்தில், பகல் வெளிச்சத்தில் குளிக்கும்வரை பயப்பட வேண்டியதில்லை. தனிமை தேடி ஓடை முகத்துவாரத்துக்குப் போவதுதான் தப்பு, அதிலும் அந்தி நேரத்தில்.

கடல்ல நீந்துற யானையைப் பார்க்கணும்னு மனைவிக்கு ஆசை.

அந்தப் படங்களில் இருப்பது ராஜன். மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்பு ஹேவ்லாக்கில் வாழ்ந்த யானை. 2016-இல் இறந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட்டு டூர் விற்கிறார்கள், நம்பாதீர்கள்.

சாப்பாடு, பாஷை எப்படி? சைவம் கிடைக்குமா?

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் நடந்தால் காதில் தமிழ் விழுந்துகொண்டே இருக்கும். தோசை, சாம்பார், முருகன் கோயில் எல்லாம் உண்டு. ஹேவ்லாக் வங்காளிகள் ஊர், பொதுமொழி இந்தி. மீனும் சோறும் அருமை. சைவத்துக்கும் தட்டுச் சாப்பாடு கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கூட. பெரும்பாலான சரக்கு கப்பலேறித்தானே வருகிறது.

போன் எடுக்குமா? ஜிபே வேலை செய்யுமா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் நிலைமை எவ்வளவோ தேவலை. அதற்கு முன்பு செயற்கைக்கோளை நம்பி இருந்தோம், ஒரு போட்டோ அனுப்பினால் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனாலும் சின்னத் தீவுகளில் சிக்னல் அவ்வப்போது போகும், ஏடிஎம்மும் கொஞ்சம்தான். ஸ்கூட்டர் வாடகை, சாப்பாடு, படகு எல்லாவற்றுக்கும் போதுமான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே காசுக்கு மாலத்தீவே போயிடலாமே?

விசா பிரச்சினை இல்லை, இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். தண்ணீருக்கு மேல் கட்டிய அறை, படுக்கையிலிருந்தே கடல், வேறு எதுவும் வேண்டாம் என்றால் மாலத்தீவு சரி. ஆனால் தீவுக்குத் தீவு போகும் வேகப்படகு அல்லது கடல் விமானச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அதெல்லாம் டாலரில். காடு, ஊர், வரலாறு, ஸ்கூட்டரில் சுற்றுவது வேண்டுமென்றால் அந்தமான்.

பாராடாங் வழியில ஜாரவா ஆதிவாசிகளைப் பார்க்கலாமாமே?

பார்ப்பதற்கென்று போகாதீர்கள். அவர்களுடைய காட்டின் ஊடாகச் சாலை போகிறது, ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகளை வரிசையாக, காவலோடு அனுப்புகிறார்கள். நிறுத்துவது, போட்டோ எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே குற்றம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இதற்காகவே இருக்கிறது. டிரைவர் 'காட்டறேன் சார்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாராடாங் தீவில் இருக்கும் சுண்ணாம்புக் குகைக்காக மட்டும் என்றாலும் விடிகாலையில் கிளம்பி ஒரு முழு நாள் போய்விடும். நாலு நாள் பயணத்தில் எதற்கு?

கடைசி நாள் காலையில ஸ்கூபா முடிச்சிட்டு சாயங்காலம் ஃபிளைட் ஏறலாமா?

கூடாது. ஆழத்தில் மூச்சு விடும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் உயரே போனால், அழுத்தம் குறைந்து குமிழியாக மாறும் அபாயம் உண்டு. 18 முதல் 24 மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. மேலே சொன்ன கடைசி இரவு போர்ட் பிளேர் ஏற்பாட்டில் இதுவும் தானாகச் சரியாகிவிடும். ஹேவ்லாக் போன மறுநாளே ஸ்கூபாவை முடித்துவிடுங்கள்.

அந்தக் கடைசிச் சாயங்காலத்துக்கு, விடுதலைப் போராட்ட வீரர்களை ஆங்கிலேயர் அடைத்து வைத்த செல்லுலார் சிறை இருக்கிறது. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம், ஏழு சிறகுகளில் மூன்றுதான் இப்போது மிச்சம். ஹனிமூனில் ஜெயிலா என்று சிரித்துக்கொண்டு போனவர்கள், ஒலி-ஒளிக் காட்சி முடிந்து பேச்சில்லாமல் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கரையில கிடக்கிற சங்கு, பவளத்துண்டு எடுத்துட்டு வரலாமா? செத்ததுதானே?

செத்தாலும் கூடாது. பவளமும் பல வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் செய்யும்போது இதைத் தனியாகவே தேடுவார்கள். எடுத்து வைக்கச் சொல்லி, நேரமாகி, சில சமயம் வழக்கு வரைக்கும் போகும். வீட்டுக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கி, ரசீதைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.